வெளுப்பு மண்ணும் வீட்டுப் பூனையும்

நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் பூனையின் சிறுநீர். இதைக் கேட்டதும் நேயர்களுள் சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். வானொலிப் பெட்டியை நிறுத்தக் கை நீட்டுவோரும் இருக்கலாம். அவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன். அரசர்களின் போர்களையும் பேரரசுகளின் வீழ்ச்சியையுமே வரலாறு என்று படித்துப் பழகிய மாணவர்களுக்கு, ஒரு துர்நாற்றத்துக்கும் வரலாறு உண்டு என்பது புதுமையாகத் தோன்றும். ரோமாபுரிப் பேரரசர் ஒருவரும், ஒற்றைக் கையால் ஆராய்ச்சி நடத்தி நோபெல் பரிசு பெற்ற பேராசிரியர் ஒருவரும், அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் மரத்தூளும் கரியும் விற்ற இளைஞர் ஒருவரும் இக்கதையில் வருகிறார்கள். அவர்களோடு ஒருவகைக் களிமண்ணும் வருகிறது.

பூனை வளர்த்தவர்களுக்கு இந்த நாற்றத்தை விளக்க வேண்டியதில்லை. தரையைக் கழுவியாயிற்று; ஊதுவத்தி கொளுத்தியாயிற்று; இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் மேகம் கவிந்து காற்றில் ஈரம் ஏறியதும், அதே மூலையிலிருந்து அதே நாற்றம் கிளம்பும். நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் தெருவில் இதற்கு ஒரே தீர்ப்புத்தான் இருந்தது. பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். சில பூனைகள் நாலைந்து நாளில் திரும்பி வந்தன, பல வரவில்லை. மேல்நாடுகளிலும் நிலை பெரிதும் வேறன்று. அங்குள்ள விலங்குக் காப்பகங்களில் உடையவர்களே கொண்டுவந்து விட்டுச் செல்லும் பூனைகளுள், வீட்டைக் கண்ட இடத்தில் நனைத்த குற்றத்துக்காகத் தள்ளப்பட்டவை மிகுதி. ஆகவே இந்தக் கறையை நீக்கத் தெரிவதில் ஓர் உயிருக்கு வீடு நிலைக்குமா என்பதும் அடங்கியிருக்கிறது.

முதலில் ரோமாபுரிக்குச் செல்வோம். அழுக்கு என்று நாம் ஒதுக்கும் சிறுநீரே அங்கு அழுக்கைப் போக்கும் பொருளாக இருந்தது. கி. பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை கக்கிய சாம்பலில் பொம்பேயி நகரம் புதைந்து போயிற்று. பிற்காலத்தில் அகழ்ந்து எடுக்கப்பட்ட அந்நகரின் கட்டடங்களுள் ஆடை வெளுக்கும் சாலைகளும் உள்ளன. அவற்றுள் ஒன்றின் தூணில் தீட்டப்பட்டிருந்த ஓவியங்களை இன்றும் நேப்பிள்ஸ் நகரக் காட்சிசாலையில் காணலாம். தொட்டிகளுள் நின்று சிலர் துணியை மிதித்துத் துவைக்கிறார்கள். வேறு சிலர் துணியைத் தூரிகையால் வாருகிறார்கள். ஃபுல்லோ என்று இலத்தீன் மொழியில் அழைக்கப்பட்ட இத்தொழிலாளர் நின்ற தொட்டிகளில் தண்ணீரோடு கலந்திருந்தது புளித்துப்போன சிறுநீர்.

இதில் அருவருப்பு உண்டு, அறியாமை இல்லை. சிறுநீர் பழையதாகும்போது அதில் அம்மோனியா தோன்றுகிறது. அம்மோனியா காரத்தன்மை உடையது. துணியில் ஏறிய எண்ணெய்ப் பசையோடு அது கூடிச் சோப்புப் போன்ற பொருளாக மாறி, அழுக்கை நீரோடு போகச் செய்கிறது. சோப்பு மலிவாகக் கிடைக்காத காலத்தில், எல்லோரிடமும் விலையின்றி உற்பத்தியாகும் காரம் இது ஒன்றே. ஐரோப்பாவில் கம்பளி நெசவு நடந்த ஊர்களில் 19ஆம் நூற்றாண்டு வரையிலும் இவ்வழக்கம் நீடித்தது. பேரரசர் வெஸ்பாசியன் இதன் மதிப்பை நன்கு அறிந்திருந்தார். இதற்கு வரி விதித்தார். அவருடைய மகன் டைட்டஸ் அந்த வரியை இழிவென்று குறை கூறியபோது, வரியாக வந்த நாணயத்தை மகனின் மூக்கருகே பிடித்து, இதில் நாற்றம் அடிக்கிறதா என்று தந்தை வினவியதாகச் சுவெட்டோனியஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். பிற்காலத்தில் பாரிஸ் நகரத் தெருக்களில் கட்டப்பட்ட பொதுச் சிறுநீர்க் கழிப்பிடங்களுக்கு அப்பேரரசரின் பெயரே வழங்கலாயிற்று. பேரரசர்கள் எல்லோருமா தாம் விரும்பிய வகையில் நினைக்கப்படுகிறார்கள்!

ரோமானிய வெளுப்போர் சிறுநீரோடு நிறுத்தவில்லை. அலசிய துணியின்மீது ஒருவகை மென்களிமண்ணைப் பூசித் தேய்த்தார்கள். மீதியிருந்த எண்ணெயையும் நாற்றத்தையும் அம்மண் இழுத்துக்கொண்டது. ஆங்கிலேயர் இதை வெளுப்போரின் பெயராலேயே ஃபுல்லர் மண் என்று அழைத்தார்கள். நம் நாட்டுக் கடைகளில் முல்தானி மட்டி என்று முகத்துக்குப் பூச விற்கப்படுவது இந்த இனத்து மண்ணே. நம் ஊர் வெளுப்புத் தொழிலாளர் பயன்படுத்திய உவர்மண்ணை இதனோடு சேர்த்து எண்ணிவிடலாகாது. உவர்மண்ணில் சோடா உப்பு இருக்கிறது; அது அழுக்கைக் கரைக்கிறது. ஃபுல்லர் மண்ணோ கரைப்பதில்லை, உறிஞ்சுகிறது. கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்த மண் அது. ஒரு பிடி மண்ணில் உள்ள தகடுகளையெல்லாம் விரித்துப் பரப்பினால் பெரியதொரு வயலையே மூடிவிடலாம். அவ்வளவு பரப்பும் பசையையும் ஈரத்தையும் பற்றிக்கொள்ள இடம் தருகிறது. ஆடையின் பகட்டுக்குக் கம்பளி வாணிகம் எவ்வளவு முக்கியமோ, கம்பளி வாணிகத்துக்கு இம்மண் அவ்வளவு முக்கியம். இங்கிலாந்தில் இதை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்று அரசாங்கமே தடுத்து வைத்திருந்த காலமும் உண்டு. இந்த மண்ணை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் மீண்டும் வரும்.

சிறுநீர் ஏன் புளித்து அம்மோனியா ஆகிறது? இக்கேள்விக்கு விடை காண நெடுங்காலம் பிடித்தது. பிரெஞ்சு ரசாயன அறிஞர் இலேர் ரூவேல் 1773இல் சிறுநீரைக் காய்ச்சி வடித்து, அதிலிருந்த முக்கியப் பொருள் ஒன்றைப் பிரித்தார். யூரியா என்பது அதன் பெயர். இன்று வயலுக்கு உரமாக மூட்டை மூட்டையாக இடுகிறோமே, அதே யூரியா. 1828இல் ஜெர்மானியரான பிரெடெரிக் வோலர் அப்பொருளைப் பிராணிகளின் உதவியின்றிச் சோதனைக் கலத்திலேயே செய்து முடித்தார். உயிருள்ளவற்றின் பொருள்களை உயிர் ஒன்றுதான் ஆக்க முடியும் என்ற பழங்கொள்கை தளரத் தொடங்கியது அந்த நாளில்தான் என்று உங்கள் பாடநூல்கள் கூறும். பிறகு 1860களில் லூயி பாஸ்டர், சிறுநீர் புளிப்பது காற்றிலிருந்து வந்து விழும் நுண்ணுயிர்களின் வேலை என்று காட்டினார். அந்நுண்ணுயிர்கள் யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிளக்கின்றன. பிளக்கும் கருவி எது? அது யூரியேஸ் என்னும் என்சைம், அதாவது நொதி.

இங்கேதான் நான் முன்பு கூறிய ஒற்றைக் கைப் பேராசிரியர் வருகிறார். ஜேம்ஸ் சம்னர் 1887இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் பிறந்தவர். இடக்கைப் பழக்கம் உள்ளவர். 17ஆம் வயதில் வேட்டைக்குச் சென்றபோது உடன் வந்தவரின் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து, அந்த இடக்கையையே முழங்கைக்குக் கீழே வெட்டி எடுக்க நேர்ந்தது. பழகாத வலக்கையைக் கொண்டு எழுதவும், கண்ணாடிக் கலங்களைக் கையாளவும், பந்தாடவும்கூட அவர் தாமே பயின்றார். ஒற்றைக் கையர் ரசாயனத்தில் தேறுவது அரிது, வேறு துறை பாருங்கள் என்று ஹார்வர்டில் பெரிய பேராசிரியர் ஒருவர் அறிவுரை கூறினார். சம்னர் கேட்கவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிறு வேலை கிடைத்தது. பாடம் நடத்தும் சுமை மிகுதி, கருவிகள் குறைவு, உதவியாளரும் இல்லை. நொதி என்பது எத்தகைய பொருள் என்று ஒருவருக்கும் தெரியாத காலத்தில், ஒரு நொதியைத் தூய வடிவில் பிரித்துக் காட்டுவதென்று 1917இல் அவர் தொடங்கினார்.

அவர் தேர்ந்துகொண்டது யூரியேஸ். அதை அவர் எடுத்தது சிறுநீரிலிருந்து அன்று. வாளவரை இனத்தைச் சேர்ந்த ஓர் அவரையின் மாவிலிருந்து. அந்த விதையில் யூரியேஸ் மிகுதியாக இருப்பது முன்பே தெரிந்திருந்தது. ஒன்பது ஆண்டுகள் மாவை ஊறவைத்தார், வடித்தார், உறையவைத்தார். 1926இல் ஒரு நாள், சாராயத்துக்குப் பதிலாக அசிடோன் கலந்த நீரில் மாவை ஊறவைத்துக் குளிரில் வடியவிட்டார். மறுநாள் அந்த வடிநீரில் ஒரு துளியை நுண்நோக்கியின் கீழே வைத்தபோது, முன்பு கண்டிராத சின்னஞ்சிறு படிகங்கள் தெரிந்தன. அவற்றை நீரில் கரைத்தால் யூரியாவை அம்மோனியாவாக மாற்றும் ஆற்றல் பெருகியிருந்தது. அப்படிகங்கள் புரதம் என்றும் சோதனை காட்டியது. மனிதர் கண்ணால் கண்ட முதல் தூய நொதி, நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளக் காரணமான அந்த நொதிதான்! ஜெர்மானியப் பெரும் விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நம்ப மறுத்தார்கள். 1930இல் நார்த்ராப் என்பவர் பெப்சின் என்னும் நொதியையும் படிகமாக்கிய பின்னர் எதிர்ப்பு அடங்கலாயிற்று. 1946இல் ரசாயனத்துக்கான நோபெல் பரிசில் பாதி சம்னருக்குக் கிடைத்தது. இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது நான் எப்போதும் சற்று நீட்டிவிடுவேன்.

இதுவரை சொன்னவை எல்லாப் பிராணிகளின் சிறுநீருக்கும் பொருந்தும். பசுவின் கொட்டிலிலும் அம்மோனியா உண்டு. ஆயினும் அந்த நாற்றம் வேறு. பூனைக்கு மட்டும் ஏன் இந்தத் தனிச் சிறப்பு?

விடையின் ஒரு பாதி பாலைவனத்தில் இருக்கிறது. நம் வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனை. மனிதனோடு அது உறவு கொண்டது மிகப் பழங்காலத்தில். சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒருவரைப் புதைத்த குழியை அடுத்து ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் அறிஞர்கள் வெளியிட்டார்கள். எலியைப் பிடிக்க வந்த பூனை நம் களஞ்சியத்தில் தங்கிவிட்டது. ஆனால் பாலைவனத்தில் அமைந்த சிறுநீரகத்தை அது விட்டுவிட்டு வரவில்லை. ஒரு சொட்டு நீரையும் வீணாக்காத சிறுநீரகம் அது. கடல்நீரைக் குடிக்கக் கொடுத்தாலும் பூனை அதிலிருந்து தனக்கு வேண்டிய நீரைப் பெற்று உப்பை வெளியேற்ற வல்லது என்று 1959இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். நீர் குறைவானால் யூரியா மிகுதி; யூரியா மிகுதியானால் அம்மோனியா மிகுதி.

மற்றப் பாதி கந்தகத்தில் இருக்கிறது. 1953இல் இங்கிலாந்தில் வெஸ்டால் என்னும் அறிஞர் பூனையின் சிறுநீரிலிருந்து கந்தகம் அடங்கிய புதிய அமினோ அமிலம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். பூனைக்குரிய இலத்தீன் பெயரைத் தழுவி அதற்கு ஃபெலினீன் என்று பெயர் சூட்டப்பட்டது. ஃபெலினீனுக்குத் தனியே மணம் இல்லை என்றே சொல்லலாம். வெளியே வந்த பிறகு அது மெல்ல மெல்ல உடைந்து தையால் என்னும் கந்தகப் பொருள்களாக மாறுகிறது. சமையல் வாயு கசிந்தால் நாம் உணர்வதற்காக அதில் சிறிதளவு நாற்றப்பொருள் கலக்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. மிக மிகச் சிறிய அளவைக்கூட மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். பூனை நனைத்த உடனே நாற்றம் அவ்வளவாகத் தெரியாமல், நாள் செல்லச் செல்ல வளர்வதன் காரணம் இதுதான்.

கடுவன் பூனையின் சிறுநீரில் ஃபெலினீன் மிகுதி; பெட்டைப் பூனையிலும் விதை நீக்கிய கடுவனிலும் குறைவு. இதற்கு விளக்கம் ஜப்பானிலிருந்து வந்தது. இவாதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மியாசாக்கியும் அவர் தோழர்களும் பூனையின் சிறுநீரில் காக்சின் என்னும் புரதத்தைக் கண்டு 2003இல் வெளியிட்டார்கள். அப்புரதமே ஃபெலினீன் உண்டாவதை நடத்துகிறது என்று 2006இல் நிறுவினார்கள். நோயற்ற பிராணி தன் புரதத்தைச் சிறுநீரில் போக்குவது அரிது. பூனை போக்குகிறது. உண்ட இறைச்சியிலிருந்து பெற்ற பொருளை இப்படிச் செலவழிப்பானேன்? அதன் சிறுநீர் ஒரு கடிதம் என்பதனால். இங்கே ஒரு வலிய கடுவன் வாழ்கிறது என்று அது சுவரில் எழுதி வைக்கிறது. பின்னே திரும்பி நின்று, வாலை நடுக்கி, சுவரின்மீது பீச்சுகிறதே, அது இந்தக் கடிதம்தான். விதை நீக்கும் சிறு சிகிச்சையால் பெரும்பாலான கடுவன்கள் இவ்வாறு எழுதுவதை நிறுத்திவிடுகின்றன. வாடிக்கையாளருக்கு எந்தத் தைலத்தையும்விட இது நன்மை செய்யும் என்று கால்நடை மருத்துவர்கள் கூறுவது உண்மையே.

இதை உணர்ந்தால் பழைய முறைகள் சில ஏன் பயன்படவில்லை என்பது விளங்கும். அம்மோனியா கலந்த தரைக்கழுவியைக் கொண்டு துடைத்தால், பாதி அழிந்த கடிதத்தின்மீது நாமே மீண்டும் எழுதியதாகும். பூனை வந்து முகர்ந்துவிட்டு விடையும் எழுதிச் செல்லும். சலவைத் தூளைக் கரைத்து ஊற்றுவது அதனினும் கொடிது. சலவைத் தூளில் உள்ள குளோரினும் சிறுநீரின் அம்மோனியாவும் கூடிக் குளோரமீன் என்னும் நச்சுப் புகையைக் கிளப்பும். அடைத்த அறையில் அது மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். கார்பாலிக் வகைப் பினாயில் மணத்தை மணத்தால் மறைப்பது. அவ்வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. பினாயில் தரையில் நடந்து பாதத்தை நக்கும் பூனைக்கு அது நஞ்சு. வினிகர் அம்மோனியாவை அடக்கும். ஆனால் கந்தகத்தை ஒன்றும் செய்யாது. சலவைக்கல் தரையையும் அரித்துவிடும்.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். 1947ஆம் ஆண்டு ஜனவரி மாதம். மிச்சிகன் மாகாணத்தில் கஸ்ஸோபோலிஸ் என்னும் சிற்றூர். அக்காலத்தில் அங்கும் பூனை பாதி வீட்டுப் பிராணிதான். இரவில் அதை வெளியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்துவது குடும்பத்தின் கடைசி வேலை. பனிக்காலத்தில் வெளியே விட மனம் வராதவர்கள் ஒரு பெட்டியில் மணலோ அடுப்புச் சாம்பலோ இட்டு வைத்தார்கள். மணல் ஈரத்தை ஏற்காது. சாம்பல் பாதத்தில் ஒட்டி வீடெங்கும் தடம் பதிக்கும். எட்வர்ட் லோ என்ற 26 வயது இளைஞர், கடற்படையிலிருந்து திரும்பித் தந்தையாரின் வியாபாரத்தில் உதவி வந்தார். மரத்தூள், கரி, தொழிற்சாலைத் தரையில் சிந்திய எண்ணெயை உறிஞ்ச உதவும் மண் முதலியவற்றை அவர்கள் விற்றார்கள். மணல் குவியல் பனியில் உறைந்துவிட்டதென்று அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவர் பூனைக்காகக் கொஞ்சம் மணல் கேட்டு வந்தாராம். மணலுக்குப் பதிலாக லோ ஒரு பை மண்ணைக் கொடுத்து அனுப்பினார். சில நாளில் அப்பெண்மணி மீண்டும் வந்து அதையே கேட்டார்.

அது என்ன மண்? சூளையில் உலர்த்திக் குறுணையாக உடைத்த ஃபுல்லர் மண்! ரோமானியர் சிறுநீரில் துவைத்த துணிக்குப் பூசிய அதே இன மண், பத்தொன்பது நூற்றாண்டுகளுக்குப் பிறகு சிறுநீரையே விழுங்க வந்தது. அம்மண்ணின் தகடுகள் ஈரத்தை உறிஞ்சுவதோடு, அம்மோனியாவையும் தம்மோடு பிணைத்துக்கொள்கின்றன. லோ ஐந்து பவுண்டுப் பைகளில் அதை நிரப்பி, பூனைக்குப்பை என்று பொருள்படும் ஒரு பெயரைக் கையால் எழுதி, 65 சென்டு விலையிட்டுக் கடைக்காரரிடம் கொடுத்தார். மணல் ஏறத்தாழ இலவசமாகக் கிடைக்கும்போது மண்ணுக்கு யார் காசு கொடுப்பார்கள் என்றார் கடைக்காரர். அப்படியானால் சும்மாவே கொடுங்கள் என்றார் லோ. சும்மா வாங்கியவர்கள் அடுத்த முறை காசு கொடுத்து வாங்கினார்கள். லோ தம் வாகனத்தில் மண்ணை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, பூனைக் கண்காட்சிகளில் பெட்டிகளைத் தாமே துப்புரவு செய்து, அதற்கு ஈடாகக் கடை போட இடம் பெற்றார் என்றும் கூறுவர். 1980களில் தாமஸ் நெல்சன் என்னும் உயிர்ரசாயன அறிஞர், ஈரம் பட்டால் ஊதி உருண்டையாகக் கட்டிக்கொள்ளும் பென்டனைட் மண்ணைப் புகுத்தினார். நனைந்த பகுதியை மட்டும் அள்ளி எறிய வழி பிறந்தது. நாள் முழுவதும் கதவு சாத்திய மாடிக் குடியிருப்பில் இன்று கோடிக்கணக்கான பூனைகள் வாழ்கின்றன. அவற்றுக்கு வீட்டுக்குள் முழு உரிமை வழங்கியது இந்த மண்தான் என்பது என் கருத்து.

பெட்டிக்கு வெளியே விழுந்த கறையை என்ன செய்வது? புதிய கறையானால் துணியால் ஒற்றி எடுத்துக் குளிர்ந்த நீர் விட்டு மீண்டும் ஒற்ற வேண்டும். தேய்த்தால் உள்ளே இறங்கும். வெந்நீரும் ஆவியும் ஆகா. புரதம் இறுகிக் கறை நிலைத்துவிடும். பழைய கறை எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், அமெரிக்கப் பௌதிக அறிஞர் ராபர்ட் வுட்டின் பெயரால் வழங்கும் புறஊதா விளக்கை இருட்டில் பிடித்துப் பார்க்கலாம். உலர்ந்த சிறுநீர் மங்கிய மஞ்சளொளி வீசும். நண்பர் ஒருவர் வீட்டில் அவ்வாறு பார்த்தபோது, ஒரே இடம் என்று அவர் நினைத்திருந்தது ஏழு இடமாக ஒளிர்ந்தது. இலவம்பஞ்சு மெத்தையும் பூச்சில்லாத சிமெண்டுத் தரையும் மிகவும் தொல்லை தருவன. மேலே ஒரு சாண் வட்டம் தெரிந்தால் உள்ளே இரண்டு சாண் பரவியிருக்கும்.

நொதியைக் கொண்டே கறையை நீக்கும் வழியும் உண்டு. 1913இல் ஓட்டோ ரோம் என்னும் ஜெர்மானியர் விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைத் துணி வெளுக்கும் பொடியில் சேர்த்து உரிமை பெற்றார். 1960களில் நுண்ணுயிரிலிருந்து எடுத்த, சோப்பின் காரத்தைத் தாங்கும் நொதிகள் வந்த பிறகே இம்முறை வீடுதோறும் பரவியது. இன்று பூனைக் கறைக்கென விற்கப்படும் திரவங்களில் நொதிகளோ, அவற்றை ஆக்கும் தீங்கற்ற நுண்ணுயிர்களோ அடங்கியுள்ளன. சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் அவையும் இறங்க வேண்டும். பல மணி நேரம் ஈரமாகவும் இருக்க வேண்டும். தெளித்து உடனே துடைத்துவிட்டுப் பயனில்லை என்று சொல்பவர்கள் நொதிக்கு வேலை செய்ய நேரம் கொடுக்காதவர்கள்.

ஒன்றைக் குறிப்பிடாமல் மேலே செல்ல இயலவில்லை. நல்ல பழக்கமுள்ள பூனை திடீரென்று பெட்டியை விட்டு வேறிடத்தில் நனைக்குமானால், அதற்கு நோய் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். பாலைவனத்துக்கென அமைந்த செறிந்த சிறுநீரில் கல்லும் மணலும் சேர்வது எளிது. நீர்ப்பையில் எரிச்சல் கண்ட பூனை, பெட்டியோடு வலியைச் சேர்த்து எண்ணி வேறிடம் தேடும். கடுவனின் சிறுநீர்க்குழல் குறுகியது. அது அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அடிக்கடி குந்தி முக்கி ஒன்றும் வராமல் கத்தும் பூனைக்குக் கால்நடை மருத்துவரிடம் செல்லச் சில மணி நேரமே தவணை. எங்கள் தெருவில் சாக்கில் கட்டப்பட்டவற்றுள் இத்தகையவை எத்தனையோ!

கடைசியாக, கந்தகத்துக்கு மருந்து. பால் கிரேபாம் என்னும் அமெரிக்க ரசாயன அறிஞருக்கு ஆய்வுக்கூடத்தில் கந்தக வாயுவின் நாற்றத்தைப் போக்க வேண்டியிருந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு அதை நாற்றமற்ற பொருளாக மாற்றுவதைக் கண்டார். அமெரிக்காவில் ஸ்கங்க் என்றொரு விலங்கு உண்டு. அஞ்சினால் தையால்களையே பீச்சியடிக்கும். நண்பர் ஒருவரின் வீட்டுப் பிராணி அதனிடம் அகப்பட்டுக்கொண்டபோது, அதே முறையை மென்மையாக்கிக் கொடுத்தார், பலித்தது. 1993இல் ரசாயனப் பத்திரிகை ஒன்றில் அம்முறை வெளியாயிற்று. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறத்தாழ ஒரு லிட்டர். சமையல் சோடா கால் கோப்பை. பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு ஒரு தேக்கரண்டி. மருந்துக் கடையில் 6 சதவீதக் கரைசல் கிடைத்தால் சம அளவு நீர் சேர்த்துக்கொள்ளலாம். சோடா தையாலைக் கரையச் செய்கிறது. பெராக்சைடின் பிராணவாயு அதன் கந்தகத்தைப் பற்றி மணமற்றதாக்குகிறது. சோப்பு அழுக்கைப் பிரிக்கிறது. பூனைக் கறைக்கும் இது பொருந்தும். சாயத்தை வெளுக்கக்கூடியதாதலின் துணியின் மறைவான ஓரத்தில் முதலில் சோதிக்க வேண்டும். காயும் வரை பூனையை அவ்விடத்துக்கு விடலாகாது. இக்கலவையைக் கடையில் தேடினால் கிடைக்காது. கலந்தவுடன் பிராணவாயு பொங்கத் தொடங்குவதால் புட்டியில் அடைத்தால் புட்டி வெடிக்கும். அடைத்து விற்க முடியாத மருந்தை எந்த நிறுவனமும் செய்வதில்லை. கிரேபாமும் அதை உரிமையாக்கிக்கொள்ளாமல் எல்லோருக்குமாக வெளியிட்டுவிட்டார். வேண்டும்போது வாயகன்ற பாத்திரத்தில் கலந்து, நுரை அடங்குமுன் கறையில் ஊற்றிக் கால்மணி நேரம் ஊறவிட்டு ஒற்றி எடுங்கள். மிஞ்சியதைத் தண்ணீர் விட்டுச் சாக்கடையில் கொட்டிவிடுங்கள்.